கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறை: இரும்புக் காஸ்டிங்குக்குத் தாராளமாகப் போகலாம், அலுமினியத்துக்கு வேண்டாம்

பட்டறையின் பெயரைப் போடவில்லை. முதலாளியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "இருக்கிற வேலையவே முடிச்சுக் குடுக்க முடியலீங்க தம்பி, நீங்க வேற ஆள் சேத்தாதீங்க" என்றார். கோயம்புத்தூரில் கணபதிக்கும் சின்னவேடம்பட்டிக்கும் நடுவில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. போர்டு கிடையாது. இரண்டு லேத் (கடைசல் மெஷின்), ஒரு ஸ்லாட்டிங் மெஷின், ஒரு பில்லர் டிரில்லிங் மெஷின், முதலாளியையும் சேர்த்து நாலு பேர், அவ்வளவுதான். அந்த வட்டாரத்தில் விசாரித்தால் யாராவது கைகாட்டுவார்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, எந்தப் பட்டறைக்குக் காஸ்டிங்கை (உருக்கி அச்சில் ஊற்றி எடுத்த வார்ப்பை) தூக்கிக்கொண்டு போனாலும் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு உதவும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பழைய மோனோபிளாக் பம்புகளுக்கு (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) ஸ்பேர் கொடுக்கிறவன். கம்பெனியே கைவிட்ட மாடல்கள்: டெலிவரி கேசிங், மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற பிராக்கெட், பேரிங் கவர் இந்த மாதிரி. அரசூர்ப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் (வார்ப்படச் சாலை) காஸ்டிங் வாங்கி, வெளியில் மெஷினிங் செய்து, விற்பது. ஒரு மாடலில் நாலு பீஸ், ஐந்து பீஸ், அபூர்வமாகப் பத்து. இந்த எண்ணிக்கைக்கு சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்) கடைக்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், செட்டிங் போடுகிற நேரத்துக்கே கட்டாது என்பார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான். இருநூறு பீஸ் இருந்தால் நானே அங்கேதான் போவேன். சில்லறை எண்ணிக்கைக்கு மேனுவல் லேத்தும், அதைத் தெரிந்து ஓட்டுகிற ஆளும் வேண்டும்.

மெஷின்களைப் பார்த்து மயங்க அங்கே ஒன்றும் இல்லை. ஒன்று எச்எம்டி, இன்னொன்று பழைய பி.எஸ்.ஜி. லேத், பெயின்ட் எந்தக் கலரில் இருந்தது என்றே சொல்ல முடியாது. ஆனால் பெட்டை, அதாவது டூல் நகர்கிற அடித் தண்டவாளத்தைப் பாருங்கள். வார்ப்பிரும்பு சுருள் சுருளாக வராது, கறுப்புத் தூளாகத்தான் உதிரும், அந்தத் தூள் பெட்டில் இருக்கிற எண்ணெயோடு குழைந்தால் அரைக்கிற பேஸ்ட் மாதிரியே வேலை செய்து பீஸைப் பிடித்துச் சுழற்றுகிற சக்குக்குப் பக்கத்தில் பெட்டைத் தின்றுவிடும். வருஷக்கணக்கில் காஸ்டிங்கே ஓட்டுகிற பட்டறைகளில் டூலைத் தாங்கி நகர்கிற கேரேஜ் அந்த இடத்தில் லொடலொடவென்று இருப்பதற்கு இதுதான் காரணம். இங்கே சக்குக்குக் கீழே ஒரு தகரத் தட்டு, பெட்டின் மேல் ரெக்ஸின் துண்டு, ஒவ்வொரு ஜாப் முடிந்ததும் திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டுப் புது எண்ணெய். அப்படியும் எச்எம்டி கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கிறது. "நீள ஷாஃப்ட் கொண்டாராதீங்க, டேப்பர் அடிக்கும்" (ஒரு முனை சிறுத்துவிடும்) என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். இதைத் தானாகச் சொல்கிற பட்டறைக்காரரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சரி, இந்தப் பட்டறையைத் தேடிப் போவதற்கான காரணத்துக்கு வருகிறேன். இவர் காஸ்டிங்கை வாங்கியவுடன் சக்கில் கட்ட மாட்டார். முதலில் ஒரு சுத்தியால் தட்டிப் பார்ப்பார், விரிசல் இருந்தால் மணிச் சத்தம் வராது. அப்புறம் மேடையில் வைத்து, வேலை செய்ய வேண்டிய இடங்களிலெல்லாம் சாக்பீஸ் தேய்த்து, மார்க்கிங் பிளாக்கை எடுத்துக் கோடு போட ஆரம்பிப்பார். கேசிங் என்றால் வெளிப் பிளாஞ்சிலிருந்து (போல்ட் போடுகிற விளிம்பு) அளக்க மாட்டார், உள்ளே தண்ணீர் போகிற வழி இருக்கிறதே, கடைசிவரை மெஷின் படாத அந்த வார்ப்புப் பரப்பு, அதிலிருந்துதான் கோடு தொடங்கும். ஏனென்றால் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரிலிருந்து வெளியே வருகிற தண்ணீர் அந்த வழியின் நடுவுக்கு நேராக விழ வேண்டும். மோல்டிங்கில், உள் வெற்றிடத்துக்காக வைக்கிற கோர் இரண்டு மி.மீ. நகர்ந்திருக்கிறது என்று வையுங்கள், அதைக் கவனிக்காமல் பிளாஞ்சை வைத்து மெஷின் செய்தால் அளவெல்லாம் டிராயிங்படி துல்லியமாக இருக்கும், பம்பு மட்டும் தண்ணீர் குறைவாகத் தள்ளும். இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ், தோட்டத்தில் ஃபெயில். விவசாயி மோட்டாரைத் திட்டுவார், மோட்டார்க்காரர் வைண்டிங்கைத் திட்டுவார், கோர் நகர்ந்த கதை யாருக்கும் தெரியாது.

கோடு போட்டு முடித்ததும்தான் இதில் பீஸ் வருமா வராதா என்று சொல்வார். எல்லாப் பக்கத்திலும் மெஷினிங்குக்கு மெட்டல் இருக்கிறதா, ஒரு பக்கம் நாலு மி.மீ.யும் மறுபக்கம் அரை மி.மீ.யுமாக இருந்தால் கொஞ்சம் தள்ளிக் கட்டிச் சமாளிக்க முடியுமா என்று அங்கேயே கணக்கு முடிந்துவிடும். என் தொழிலில் இது அடிக்கடி வரும். பழைய மாடலுக்குப் பேட்டர்ன் (மணலில் அச்சு எடுக்கிற மாதிரி உரு) இருக்காது, பேட்டர்ன் செய்யக் காசு செலவழிக்க மனசு வராமல் பழைய உடைந்த பீஸையே பேட்டர்னாக வைத்து மோல்டு அடிப்பவர்கள் உண்டு. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சுருங்கும், 200 மி.மீ. பிளாஞ்ச் 198தான் வரும். அதோடு அந்தப் பழைய பீஸ் ஏற்கனவே கடைந்து முடித்த பீஸ், பக்கத்துக்கு மூன்று மி.மீ. விட வேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது. அதனால்தான் தெரிந்த ஆட்கள் பழைய பீஸின் மேல் பட்டி வைத்து ஏற்றிவிட்டு மோல்டுக்கு அனுப்புவார்கள். எங்கே எவ்வளவு பட்டி ஏற்ற வேண்டும் என்று இந்த முதலாளியிடம் கேட்டால் சாக்பீஸிலேயே பீஸின் மேல் எழுதிக் கொடுத்துவிடுவார், அதற்குக் காசு வாங்குவதில்லை.

அடுத்தது வேலையின் வரிசை. காஸ்டிங் வேலையில் நிரந்தரச் சண்டை ஒன்று உண்டு. முக்கால்வாசி மெஷினிங் முடிந்த பிறகு உள்ளே ஒரு புளோ ஹோல் (வாயு சிக்கி உண்டான ஓட்டை) வாயைத் திறக்கும். ஃபவுண்டரிக்காரர் வேறு காஸ்டிங் தருவார், ஆனால் அதுவரை ஆன மெஷினிங் கூலியை யார் கொடுப்பது? ஃபவுண்டரி கொடுக்காது, பட்டறைக்காரரும் விட மாட்டார், நடுவில் இருப்பவன் தலையில்தான் விடியும். இவர் செய்வது என்னவென்றால், ஓட்டை வந்தால் பீஸ் தேறாது என்கிற இடம் எதுவோ, அதை முதலில் ரஃப் கட்டில் திறந்து பார்ப்பார். பிராக்கெட்டில் பேரிங் உட்காரும் இடம், கேசிங்கில் சீல் உட்காரும் முகம். அங்கே ஓட்டை தெரிந்தால் அத்தோடு மெஷினை நிறுத்திப் பீஸை ஓரமாக வைத்துவிட்டு அந்த ஒரு கட்டுக்கு மட்டும் கூலி போடுவார். இதனால் சில பீஸ்களை இரண்டு தடவை செட் செய்ய வேண்டியிருக்கும், வேலை கொஞ்சம் மெதுவாகும், ஆனால் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் எனக்கு மிச்சம்.

ஓட்டையைப் பட்டி போட்டு மறைத்துக் கொடுப்பது இங்கே கிடையாது. இன்னொரு ஏரியாவில் ஒரு பட்டறையில் (அதன் பெயரும் வேண்டாம்) அப்படிக் கொடுத்த கேசிங் ஒன்று, பிரஷர் டெஸ்ட்டில் பட்டி பிய்த்துக்கொண்டு தண்ணீர் பீய்ச்சியது. நவச்சாரத்தையும் இரும்புத் தூளையும் குழைத்து அடைக்கிற பழைய வித்தை ஒன்று இருக்கிறது, துரு ஏறி இறுகிப் பார்க்க இரும்பு மாதிரியே ஆகிவிடும், லேத்தில் கடைந்தால்கூடச் சட்டென்று தெரியாது. இவருக்கும் அந்த வித்தை தெரியும். வெளிப்பக்கம் சும்மா பார்வைக்கு அசிங்கமாக இருக்கிற சின்னக் குழிக்கு மட்டும், நம்மிடம் கேட்டுவிட்டுச் செய்வார்.

முதல் கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காஸ்டிங்கின் மேல்தோலில் வெந்த மணல் ஒட்டியிருக்கும், சாதாரண இரும்பைவிட அது கடினம். பயந்து பயந்து கால் மி.மீ. எடுத்தால் டூல் முனை அந்தத் தோலிலேயே உரசி உரசிச் செத்துப் போகும். தோலுக்கு அடியில் போய் இரண்டு, இரண்டரை மி.மீ. ஒரே கட்டில், வேகத்தைக் குறைத்து எடுக்க வேண்டும், அப்போது முனை நல்ல இரும்புக்குள் இருக்கும், தோல் தானாகப் பெயர்ந்து விழும். இங்கே சின்னப் பையன்கூட அப்படித்தான் எடுக்கிறான். டூல் எல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்த கே கிரேடு (வார்ப்பிரும்புக்கான) கார்பைடு டிப், பச்சைக் கல்லில் தாங்களே தீட்டிக்கொள்கிறார்கள். கழற்றி மாற்றுகிற இன்செர்ட் முனை ஃபைனல் கட்டுக்கு மட்டும். கூலன்ட் கிடையாது, வார்ப்பிரும்புக்குத் தேவையும் இல்லை, உள்ளேயே கிராஃபைட் இருக்கிறது. கூலன்ட் விட்டால் தூள் சேறாகி எல்லா இடத்திலும் அப்பிக்கொள்ளும். காய்ந்த தூள் பறப்பதால் அரை மணி நேரம் நின்றாலே மூக்குக்குள் கறுப்பு. மாஸ்க் போடுகிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை, சொன்னால் சிரிக்கிறார்கள்.

சில நேரம் டூல் கீச்சென்று கத்திவிட்டு வெட்டாமல் வழுக்கும். அங்கே இரும்பு சில் அடித்திருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய ஓரமோ மூலையோ மோல்டுக்குள் சட்டென்று குளிர்ந்துவிட்டால் கார்பன் கிராஃபைட்டாகப் பிரிய நேரமில்லாமல் இரும்போடு கார்பைடாகவே நின்றுவிடும், உடைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும். அரத்தை வைத்துத் தேய்த்தால் கண்ணாடியில் தேய்த்த மாதிரி வழுக்கும். இதை முன்னாலேயே பார்ப்பதற்காக இவர் பிளாஞ்சின் ஓரங்களில் ஒரு பழைய அரத்தை ஓட்டிவிட்டுத்தான் பீஸை உள்ளே எடுக்கிறார். சில் அடித்த பீஸை ஃபவுண்டரிக்கே திருப்பி அனுப்பச் சொல்வார். 900 டிகிரி பக்கம் சூடேற்றிப் பல மணி நேரம் வைத்து உலையிலேயே மெதுவாக ஆறவிட்டால் சரியாகும், ஆனால் நாலு பீஸுக்கு யார் உலை மூட்டுவார்கள், புதுசாக ஊற்றித் தருவதுதான் லாபம்.

இப்போது பேரிங் சீட். 6206 பேரிங், வெளி விட்டம் 62 மி.மீ. ஹெச்7 டாலரன்ஸ் என்றால் 62.000க்கும் 62.030க்கும் நடுவில் போர் (உள் துளை) வர வேண்டும், மொத்தமே 30 மைக்ரான் இடம். ரஃப் கட் முடிந்ததும் பீஸ் கைக்கு நன்றாகச் சுடும். இருபது டிகிரி சூடு கூடினாலே 62 மி.மீ. போர் 13 மைக்ரான் பக்கம் விரிந்து நிற்கும், அப்படியே அளந்து முடித்துவிட்டால், இருக்கிற இடத்தில் பாதி அங்கேயே போய்விடும். அதனால் இவர் கால் மி.மீ. மிச்சம் வைத்துவிட்டுப் பீஸை ஓரமாக வைத்து, அடுத்த பீஸின் ரஃப்பிங்கை எடுத்துக்கொள்வார். ஆறின பிறகுதான் ஃபைனல். போர் டயலை (துளை விட்டம் அளக்கிற கருவி) மைக்ரோமீட்டரில் செட் செய்து, உள்ளே விட்டு, லேசாக முன்னும் பின்னும் ஆட்டி முள் திரும்புகிற இடத்தைப் பார்த்து, அதே இடத்தில் அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி பார்ப்பார்.

நான் அதிகம் ரசித்தது இதற்கு முந்தின வேலையை. ஃபைனல் கட்டுக்கு முன்னால் சக்கின் பிடிப்பல்லான ஜாவைத் தளர்த்தி, மறுபடி மெதுவாகப் பிடித்து, டயல் வைத்துச் சென்டர் பார்க்கிறார். மூணு ஜா சக்கில் இழுத்துப் பிடித்து மெல்லிய ஹவுசிங்கைக் கடைந்தால் மெஷினில் இருக்கும்போது வட்டமாக இருக்கும், கழற்றினதும் ஜா அழுத்தின மூன்று இடமும் பழைய நிலைக்குத் திரும்பி, போர் மூன்று முனையாகிவிடும். இதில் வம்பு என்னவென்றால் இரண்டு புள்ளியில் அளக்கிற போர் டயல் அந்த மூன்று முனைக் கோணலைக் காட்டாது, எந்தப் பக்கம் திருப்பினாலும் விட்டம் சரியாகவே வரும். பேரிங்கை அடித்து மோட்டாரை ஓட்டினால்தான் உறுமும். நாலு ஜாவில் பிடித்தால் வருகிற கோணல் டயலில் மாட்டிக்கொள்ளும், அதனால் பேரிங் சீட் என்றால் இங்கே நாலு ஜாதான், ரொம்ப மெல்லிசு என்றால் ஃபேஸ் பிளேட்டில் கிளாம்ப் போட்டு நீளவாக்கில் அழுத்திக் கட்டிவிடுவார். பேரிங் சீட்டும், கேசிங் உட்காருகிற ஸ்பிகாட்டும் ஒரே செட்டிங்கில் முடியும். முடியாத பீஸ் என்றால் போரை முடித்து மேன்ட்ரல் என்கிற தண்டில் ஏற்றி ஸ்பிகாட்டைக் கடைவார். இங்கே கடைந்த பிராக்கெட்டில் சத்தம் என்று இதுவரை ஒரு பீஸும் எனக்குத் திரும்பி வரவில்லை.

கன்மெட்டல் (ஒரு வகைச் செம்புக் கலவை) வேலையும் நன்றாகவே செய்கிறார்கள். புஷ், சின்ன இம்பெல்லர் எல்லாம் கொடுத்திருக்கிறேன். கன்மெட்டலில் சாதாரண டிரில்லை விட்டால் திருகு மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும், வெட்டு முனையைக் கொஞ்சம் தட்டையாகத் தீட்ட வேண்டும், அதற்கென்றே தீட்டின டிரில்கள் தனி டப்பாவில் இருக்கின்றன.

அலுமினியம்தான் சொதப்பல். எல்எம்6 என்கிற அலுமினியக் கலவையில் கவர் சிலவற்றைக் கொடுத்துப் பார்த்தேன். இரும்புக்குத் தீட்டின அதே டூல், காய்ந்தபடியே ஓட்டியிருக்கிறார்கள், மெட்டல் டூல் முனையில் ஒட்டி ஒட்டிப் பிய்த்து, ஃபேசிங் முழுக்க வரி வரியாக இருந்தது. கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவி, கூரான டூலை வைத்து வேகத்தைக் கூட்டியிருந்தாலே பளபளவென்று வந்திருக்கும். சொன்னேன். "அதெல்லாம் நமக்கு ஒத்து வராதுங்க, வேற பக்கம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார், பேச்சு முடிந்தது. அலுமினியம் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

டிரில்லிங்கும் டேப்பிங்கும் சுமார்தான். பிளாஞ்ச் ஓட்டைகளை டிவைடர் வைத்துக் கையால் பிசிடி (ஓட்டைகளின் மையங்கள் விழுகிற வட்டம்) குறித்து, பஞ்ச் அடித்து, பில்லர் மெஷினில் போடுகிறார்கள், அரை மி.மீ. அங்கே இங்கே போகும். போல்ட் ஓட்டை கொஞ்சம் பெரிசாக இருந்தால் சமாளித்துவிடலாம். டவல் பின் (இடம் பிசகாமல் பொருத்துகிற பின்) வைக்கிற வேலை என்றால் டிரில்லுக்கு வழிகாட்டுகிற ஜிக் செய்து கொடுத்துவிடுங்கள், அல்லது டிரில்லிங்கை வேறு இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். டேப் அடித்த ஓட்டைகளில் தூளை ஊதி எடுக்காமல் அப்படியே கொடுப்பது எரிச்சலான பழக்கம், எத்தனை தடவை சொன்னாலும் மாறவில்லை. டிரெயின் பிளக் ஓட்டைக்கு என்ன திரெட் என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள், சொல்லாவிட்டால் பிஎஸ்பி என்கிற குழாய்த் திரெட்தான் அடிப்பார்கள்.

கூலி, பக்கத்துப் பட்டறைகளைவிடக் கால் பங்கு அதிகம். பேரம் பேசினால் முகம் மாறிவிடும். வேலை ஒரே மாதிரியாக இருந்தால் நான்தான் முதலில் குறைந்த கூலி தேடி ஓடுவேன், ஆனால் ரிஜெக்‌ஷனில் மிச்சமாவதைச் சேர்த்துப் பார்த்தால் இதுதான் சல்லிசு. போரிங் தூளை அவர்களே எடைக்குப் போட்டுக்கொள்கிறார்கள், வேண்டும் என்று கேட்டால் தனியாகக் கட்டிக் கொடுப்பார்கள், சில்லறை வேலைக்கு அதைக் கேட்பது நன்றாக இருக்காது. பில் உண்டு, கடன் கிடையாது. சொன்ன தேதியை நம்ப வேண்டாம், "வியாழக்கிழமை வாங்க" என்றால் அது அடுத்த வாரத் திங்களைக் குறிக்கும், ஆயுத பூஜையை ஒட்டின வாரத்தில் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். போனையும் எடுக்க மாட்டார், மெஷின் ஓடும்போது எடுக்காமல் இருப்பது நல்லதுதான், ஆனால் சாயங்காலம்கூடத் திருப்பிக் கூப்பிடுவதில்லை.

போகிறவர்கள் காஸ்டிங்கை நன்றாக ஃபெட்லிங் செய்து (பிசிறு நீக்கி), ஊற்றும்போது மிஞ்சி நிற்கிற ரைசர் குச்சிகளைத் தட்டி, மணலைச் சுத்தமாக எடுத்துவிட்டுக் கொண்டு போங்கள், மணலோடு கொண்டு போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார். டிராயிங் இருந்தால் பேரிங் சீட், ஸ்பிகாட், சீல் முகம் இந்த மூன்றுக்கு மட்டும் டாலரன்ஸ் போடுங்கள். எல்லா இடத்திலும் மைக்ரான் எழுதியிருக்கிற டிராயிங்கைப் பார்த்தால் கூலியை அப்படியே இரட்டிப்பாகச் சொல்வார். டிராயிங் இல்லாவிட்டால் பழைய பீஸோடு அதில் உட்காருகிற பேரிங்கையும் சீலையும் கையோடு கொண்டு போய்விடுங்கள், போட்டுப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை முதலாளி இருக்க மாட்டார், அந்த நேரத்தில் பையன்களிடம் கொடுத்துவிட்டு வந்தால் மார்க்கிங் பார்க்காமல் வேலை வரிசையில் சேர்த்துவிடுவார்கள், அவர் வரும்வரை காத்திருந்து கையில் கொடுங்கள்.